பேய்க்குத் தகப்பன் யார்?

"படிப்பு பரவட்டும், பேய் தானாகவே ஓடிவிடும்" என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். நல்ல நம்பிக்கைதான். ஆனால் நடந்ததை எண்ணிப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. பேய் ஓடவில்லை, படித்தவர் வீட்டிலே குடியேறிற்று! பாமரன் வளர்த்த பேய் ஊரெல்லைப் புளியமரத்தோடு நின்றது. படித்தவர் வளர்த்த பேயோ பத்திரிகை ஏறி, புத்தகம் ஏறி, வானொலி ஏறி உலகையே சுற்றி வந்தது. மிகையாகக் கூறுகிறோம் என்று எண்ணுவோர் எம்மோடு இங்கிலாந்து வரை வரட்டும். எசெக்ஸ் மாவட்டத்தின் வடகோடியில், ஸ்டவர் ஆற்றின் கரையருகே, போர்லி என்ற சிற்றூர் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். அங்கே ஒரு பழைய தேவாலயம். அதன் எதிரே, சாலைக்கு அப்புறம், ஒரு காலத்தில் பாதிரியார் மாளிகை ஒன்று இருந்தது. "இங்கிலாந்திலேயே அதிகமாகப் பேய் நடமாடும் வீடு" என்று பட்டம் கட்டப்பட்ட மாளிகை அதுதான்.

பேய்கள் அங்கே இருந்தனவா என்று கேட்பதை விட, அவை எப்படிப் பிறந்தன, யார் பாலூட்டினர், யார் சீராட்டினர் என்று கேட்பதே பகுத்தறிவாளர் கடமை. கேட்போம், வாரீர்!

கட்டுக்கதைக்குக் கட்டிய மாளிகை

1862-ம் ஆண்டு ஹென்றி புல் என்ற பாதிரியார் போர்லிக்கு வந்தார். வந்தவர் செந்நிறச் செங்கலால் பெரியதொரு மாளிகை எழுப்பினார். பிள்ளைகள் பதினால்வர்! எனவே பின்னர் ஒரு பகுதியையும் சேர்த்துக் கட்டினார். மூலை முடுக்குகள் நிறைந்த வீடு. இங்கே பேசினால் அங்கே எதிரொலிக்கும் அமைப்பு. மின்சாரமில்லை. தண்ணீர் வேண்டுமெனில் முற்றத்துக் கிணற்றிலிருந்துதான் இறைக்க வேண்டும். சுவர்களுக்கிடையே எலிகள் ஓடும். வேலையாட்களை அழைக்க அறைக்கு அறை கம்பி இழுத்து மணி கட்டியிருந்தார்கள். எலி கம்பியில் ஏறினாலும் மணி அடிக்கும். காற்று கதவைத் தள்ளினாலும் காலடி ஓசை கேட்கும். பேய்க்கு இதைவிட வசதியான விடுதி வேறேது!

விடுதி இருந்தால் போதுமா? குடியிருப்பவருக்கு வரலாறு வேண்டாமா? அதுவும் கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டில் அவ்விடத்திலே துறவிகளின் மடம் ஒன்று இருந்ததாம். அம்மடத்துத் துறவி ஒருவர், சில கல் தொலைவிலுள்ள பியூர்ஸ் ஊரின் கன்னியர் மடத்துப் பெண்ணொருத்தியைக் காதலித்தாராம். இருவரும் குதிரை வண்டியேறி ஓட முயன்று பிடிபட்டனராம். துறவி கொல்லப்பட்டாராம், அவளோ உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டப்பட்டாளாம். அந்தக் கன்னிகாஸ்திரீயே தோட்டத்துப் பாதையில் உலவுகிறாளாம்!

1900-ம் ஆண்டு ஜூலை 28-ம் நாள் மாலை மயங்கும் வேளையில் பாதிரியாரின் பெண்மக்கள் நால்வர் அவளைத் தோட்டத்தில் கண்டதாகக் கூறினர். அந்தப் பாதைக்கே 'கன்னிகாஸ்திரீயின் நடை' என்று பெயர் வந்தது. அவளைக் காண்பதற்கென்றே தோட்டத்தில் ஒரு குடில் கட்டப்பட்டதாகவும் சொல்வர். உணவறையின் சாலைப்பக்கச் சன்னல் அடைக்கப்பட்டிருந்தது. "அவள் எட்டிப் பார்த்தாள், அதனால்தான் அடைத்தார்கள்" என்றனர். சாலையில் செல்வோர் பார்வை விழாதிருக்க அடைத்திருப்பார்கள் என்று சொன்னால் யார் கேட்பர்? அதிலே சுவையில்லையே!

சுவையைத் தள்ளி வைத்து, சான்றைக் கேட்டனர் சிலர். 1938-ம் ஆண்டளவில் தெளிவாயிற்று: கதை கூறும் மடம் போர்லியில் இருந்ததற்கு வரலாற்று ஆதாரமே இல்லை! மடமில்லை எனில் துறவி ஏது? துறவியில்லை எனில் காதல் ஏது? காதலில்லை எனில் சுவருக்குள் வைத்துக் கட்டப்பட்ட கன்னி ஏது? இருவரும் ஏறி ஓடினார்களே, அத்தகைய வண்டி பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிராமச் சாலையில் ஓடியதும் இல்லை. பின் கதை எங்கிருந்து வந்தது? 1808-ல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'மார்மியன்' காவியத்திலே சுவருக்குள் வைத்துக் கட்டப்படும் கன்னிகாஸ்திரீ உண்டு. 1893-ல் வெளிவந்த ரைடர் ஹேகார்டின் 'மாண்டெசுமாவின் மகள்' நாவலிலும் உண்டு. படித்த வீடு, நூலகமுள்ள வீடு, பெரிய குடும்பம், நீண்ட மாலைப்பொழுது. ஏட்டிலே இருந்தவள் தோட்டத்துக்கு இறங்கி வந்தாள் என்று ஆராய்ந்தோர் கருதுவது பொருத்தமாகத்தானே இருக்கிறது!

வந்தார் பிரைஸ், பறந்தன கற்கள்!

இதுவரை அது குடும்பக் கதை. குடும்பக் கதையை உலகக் கதையாக்கியது பத்திரிகை. 1928-ல் ஸ்மித் என்ற பாதிரியார் தம் துணைவியாருடன் இந்தியாவிலிருந்து சென்று அம்மாளிகையில் குடியேறினார். ஊராரின் பேச்சு அவர்கள் காதை எட்டிற்று. ஆராய்ச்சிக் கழகத்தாருடன் தொடர்பு ஏற்படுத்தித் தருமாறு 'டெய்லி மிர்ரர்' ஏட்டுக்கு எழுதினர். கேட்டது ஆராய்ச்சியாளரை, ஏடு அனுப்பியதோ முதலில் தன் செய்தியாளரை! 1929-ம் ஆண்டு ஜூன் திங்களில் தொடர் செய்திகள் வந்தன. பின்னாலேயே வந்து சேர்ந்தார் ஹாரி பிரைஸ்.

யார் இந்தப் பிரைஸ்? காகிதப் பைகள் விற்கும் தொழிலில் இருந்தவர். ஆவி ஆராய்ச்சிக்கென இலண்டனில் ஒரு கூடம் நடத்தியவர். இன்னொன்றையும் மறவாதீர்: அவர் பயின்ற செப்பிடு வித்தைக்காரர், வித்தைக்காரர் சங்கத்தின் உறுப்பினர்! ஆவி பேசுவதாகக் கூறி ஏமாற்றியோர் சிலரை அவரே அம்பலப்படுத்தியதும் உண்டு. களவின் நுணுக்கம் தெரிந்தவரே காவலராக வந்தார்.

வந்தார் பிரைஸ், பறந்தன கற்கள்! வந்தார் பிரைஸ், உடைந்தது பூச்சாடி! வந்தார் பிரைஸ்; கண்ணாடிச் சட்டத்தில் தட்டித் தட்டி ஆவிகள் பேசின! அதற்குமுன் அவ்வீட்டில் இல்லாத ஆரவாரம் அது. அவர் போனார், அதுவும் நின்றது. பாதிரியாரின் துணைவியாருக்கே பிரைஸ் மீது ஐயம் எழுந்தது. வீட்டைப் பிடித்திருந்தவை எலிகளும் ஊராரின் மூடநம்பிக்கையுமே, வேறொன்றுமில்லை என்ற கருத்தைப் பின்னாளில் அவ்வம்மையார் எழுத்திலேயே தெரிவித்தார். அதே 1929-ல் உடன் சென்ற 'டெய்லி மெயில்' செய்தியாளர் ஒருவர், பிரைஸ் இறந்த பிறகு வாய் திறந்தார்: தம் தலையில் கல் விழுந்ததும் பிரைசைப் பிடித்துப் பார்த்ததாகவும், அவருடைய சட்டைப் பைகளில் கற்கள் இருந்ததாகவும் கூறினார். ஏன் உயிரோடிருந்தபோதே சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. நியாயமான கேள்வி. அக்குற்றச்சாட்டை மட்டும் நம்பி நாம் தீர்ப்பு எழுதவில்லை. இதுபோல் பலவும் ஒரே திசையைக் காட்டுவதைத்தான் சுட்டுகிறோம்.

பேயோட்டச் சென்றவருக்குக் கல்லடி

1930-ல் ஃபாய்ஸ்டர் என்ற பாதிரியார் வந்தார். புல் குடும்பத்துக்கு உறவினர். அவருடைய இளம் துணைவி மேரியான். மீண்டும் மணிகள் அடித்தன, சாடிகள் உடைந்தன, "மேரியான், உதவி செய்" என்ற பொருளில் சுவரெங்கும் பென்சில் கிறுக்கல்கள் தோன்றின. பாதிரியார் என்ன செய்தார்? எலிப்பொறி வைத்தாரா? இரவில் விழித்திருந்து கிறுக்குவது யார் கை என்று பார்த்தாரா? இல்லை, பேயோட்டும் சடங்கு செய்தார்! சடங்கின்போதே கைப்பிடி அளவு கல் வந்து அவர் தோளில் விழுந்தது. சாத்தானையே விரட்ட அதிகாரம் பெற்றதாகக் கூறும் திருச்சபையின் சடங்கு, கல்லெறியும் ஒரு கையைத் தடுக்க முடியவில்லை!

அந்தக் கை எது என்பதும் பின்னர் வெளிப்பட்டது. தாம் ஆவி எதையும் கண்டதில்லை. ஓசைகள் காற்றாலும், வீட்டுக்கு வந்த நண்பர்களாலும், சில வேளை கணவரிடம் தாமே செய்த விளையாட்டாலும் எழுந்தவை என்று மேரியான் முதுமையில் ஒப்புக்கொண்டார். அவரை நகைக்க மனம் வரவில்லை. நோயுற்ற, வயது முதிர்ந்த கணவர், வசதியற்ற பாழ்வீடு, பேச ஆளில்லாத ஊர். ஓர் இளம்பெண்ணின் சலிப்பையும் தனிமையையும் புரிந்துகொள்ள முடியாத சமுதாயம், அவள் செய்த குறும்பைப் பேய் என்று கொண்டாடிற்று! 1931-ல் அங்கு சென்ற பிரைசே, இவை அவ்வம்மையாரின் வேலைதான் என்று கருதினார். கருதியவர் ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தம் புத்தகத்தில் அதே நிகழ்ச்சிகளை மருமச் சரக்காக விலைகூறினார். அறியாமை மன்னிக்கத் தக்கது. அறிந்தும் மறைத்தது மன்னிக்கத் தக்கதா?

அறிவியல் உடுத்திய அறியாமை

1937-ல் பிரைஸ் அம்மாளிகையை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தார். 'டைம்ஸ்' ஏட்டில் விளம்பரம் செய்து 48 பேரைப் 'பார்வையாளர்'களாகச் சேர்த்தார், பெரும்பாலோர் மாணவர்கள். வெப்பமானி, அளவு நாடா, முத்திரை, கயிறு, ஓசையெழாத மிதியடி, எப்படிக் குறிப்பெழுதுவது என்று கூறும் நீல அட்டைக் கையேடு எல்லாம் தயார்! காண்போர் கண்ணுக்கு அது ஆராய்ச்சிச்சாலை. ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே: 'இந்த வீட்டில் இவையிவை நடந்தனவாம், இவற்றை எதிர்பார்' என்று முன்கூட்டியே சொல்லி, நள்ளிரவில் பாழ்மனையில் உட்காரவைத்தால், எந்த இளைஞனுக்குத்தான் எலி ஓடுவது பேய் நடப்பதாகக் கேட்காது? அப்படி இருந்தும் பலருக்கு ஒன்றுமே தென்படவில்லை. தென்படாத இரவுகளுக்கு விளம்பரம் கிடைக்கவில்லை. தென்பட்டதாகத் தோன்றிய நொடிகள் அச்சேறின.

இன்னொரு வேடிக்கை. பிளான்செட் என்ற எழுதும் பலகையின் மேல் விரல் வைத்து ஆவியைக் கேட்டார்கள். 1938-ம் ஆண்டு மார்ச் 27-ம் நாள், இன்றிரவு ஒன்பது மணிக்கு இம்மாளிகை எரியும் என்று எழுதிற்றாம் பலகை. ஒன்பது அடித்தது; எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. பதினொரு திங்கள் கழித்து, 1939-ம் ஆண்டு பிப்ரவரி 27-ம் நாள் இரவில் எரிந்தது. எப்படி? மாளிகையை அப்போது வாங்கியிருந்தவர் புத்தகங்களைப் பிரித்து அடுக்கும்போது எண்ணெய் விளக்கு கவிழ்ந்தது என்றார். இன்ஷூரன்ஸ் நிறுவனத்தார் அதை நம்பவில்லை. ஆனால் ஆவி அன்பர்களோ, "பார்த்தீர்களா, பலித்துவிட்டது!" என்றனர். இன்றிரவு என்று சொல்லி அடுத்த ஆண்டு வருவதைத் தொடர்வண்டி நிலையத்திலே கூட நாம் பொறுப்பதில்லை. ஆவிக்கு மட்டும் பதினொரு திங்கள் சலுகையா?

1940-ல் புத்தகம் வந்தது, புகழ் வந்தது. 1943-ல் நிலவறையைத் தோண்டி எலும்புத் துண்டுகள் சிலவற்றை எடுத்தனர். "கொல்லப்பட்ட கன்னி கிடைத்துவிட்டாள்" என்றனர். போர்லி மக்களோ, "அது பன்றி எலும்பு, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை" என்று மறுத்துவிட்டனர். படித்த பிரைசை விட உழவர் ஊர் தெளிவாக இருந்தது! 1945-ல் பக்கத்து லிஸ்டன் ஊரில் கிறித்தவச் சடங்குகளோடு அவ்வெலும்புகள் அடக்கம் செய்யப்பட்டன. 1944-ல் எஞ்சிய சுவர்களை இடித்தபோது, அந்தரத்தில் மிதக்கும் செங்கல் ஒன்று படத்தில் விழுந்தது. இதுவே பேயின் கடைசிச் செயலோ என்று வியப்பூட்டும் வகையில் 1946-ல் வந்த இரண்டாம் புத்தகத்தில் எழுதினார் பிரைஸ். சுவருக்குப் பின்னால் இடிப்புவேலை செய்த தொழிலாளி செங்கற்களை வீசிக்கொண்டிருந்தார் என்று, உடன் சென்ற பத்திரிகையாளரே பின்னர் சொன்னார். உழைப்பாளி வீசிய செங்கல் ஆவி வீசியதாயிற்று. உழைப்பவன் கண்ணுக்குத் தெரியவில்லை. இல்லாத பேய் தெரிந்தது!

1948-ல் பிரைஸ் மறைந்தார். ஆவி ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மூவர், அவர்களில் இருவர் அவரோடு பழகியவர்கள், எல்லா ஆவணங்களையும் சோதித்து 1956-ல் அறிக்கை வெளியிட்டனர். எலி, காற்று, எதிரொலி, குறும்பு, மிகை, சிலவற்றில் பிரைசின் கைவரிசை என்பதே அவர்கள் முடிவு. 1969-ல் அந்த அறிக்கையை மறுத்துப் பிரைசின் நேர்மைக்காக வாதாடி ஒருவர் எழுதினார். வாதாடட்டும், பிரைஸ் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் மடம் முளைத்துவிடுமா? பன்றி எலும்பு பெண்ணெலும்பு ஆகிவிடுமா? ஒருவருடைய நாணயத்தை மெய்ப்பித்தால் பேயை மெய்ப்பித்ததாகாது.

"இத்தனை பேர் கண்டதாகச் சொல்கிறார்களே" என்பது கடைசி அம்பு. ஒன்றுமில்லாத எண்ணை எத்தனை முறை கூட்டினாலும் ஒன்றுமில்லைதான். ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றொருவர் கண்டால், அவர் இரண்டாம் சாட்சி அல்லர். முதல் சாட்சியின் எதிரொலி!

நமக்கும் ஒரு சோதனை

மாளிகை எரிந்தது, இடிந்தது, மண்ணாயிற்று. பேய் ஒழிந்ததா? சாலையைத் தாண்டி எதிரே இருந்த தேவாலயத்துக்குக் குடிமாறிற்று! பூட்டிய கோயிலுக்குள் இசைப்பெட்டி ஒலித்ததாம்; கல்லறைத் தோட்டத்தில் கன்னி உலவினாளாம்; 1970-களில் ஒலிப்பதிவுக் கருவியோடு இரவில் காத்திருந்தனர். இன்றும் நள்ளிரவில் கூட்டம் கூட்டமாக வருவோரால் தூக்கம் கெடுவது அச்சிற்றூர் மக்களுக்கு. பேய் அவர்களைத் தொல்லைப்படுத்தியதில்லை. பேயைத் தேடுவோர்தாம் தொல்லைப்படுத்துகின்றனர்.

இங்கே நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். காதலித்த குற்றத்துக்காக ஒரு பெண்ணை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டினர் மதவாதிகள் என்ற கதை நம் காதுக்கு இனிக்கவில்லையா? மேடையில் எடுத்து முழங்க நா துடிக்கவில்லையா? துடிக்கும். அங்கேதான் நம் பகுத்தறிவுக்குச் சோதனை. நம் எதிரியை அடிக்க உதவுகிறது என்பதற்காகப் பொய் மெய்யாகாது. பேயை மறுத்துவிட்டு, பேயைப் பெற்ற கதையை மட்டும் கையில் வைத்துக்கொள்வோமானால், நாமும் பிரைசின் பார்வையாளர் வரிசையில் நாற்பத்தொன்பதாம் ஆள்! வேண்டாம் அந்தக் கதை, தூக்கி எறிவோம்.

எறிந்தால் கை வெறுமையாகிவிடுமோ? இல்லை. அதே தேவாலயத்துக்குள்ளே, தூண்கள் தாங்கிய விதானத்தின் கீழ், சர் எட்வர்ட் வால்ட்கிரேவும் அவர் துணைவியாரும் சிற்பமாகப் படுத்திருக்கின்றனர். மேரி அரசியின் ஆலோசனைச் சபையில் இருந்தவர் அவர். அந்த அரசியின் ஆட்சியில்தான், 1555 முதல் 1558 வரை, புராட்டஸ்டண்டு மதத்தைக் கைவிட மறுத்த ஏறத்தாழ 280 பேர் கம்பத்தில் கட்டி எரிக்கப்பட்டனர். ஆட்சி மாறிற்று, எலிசபெத் அரியணை ஏறினார், சட்டமும் தலைகீழாயிற்று. கத்தோலிக்கத் திருப்பலி நடத்த இடங்கொடுத்த குற்றத்துக்காக வால்ட்கிரேவ் சிறைப்பட்டு, 1561-ல் இலண்டன் கோபுரச் சிறையிலேயே மடிந்தார். ஒரே கடவுள், ஒரே வேதநூல், ஒரே நாடு. நேற்று எரித்த அரசில் அமைச்சர், இன்று சிறைக்கைதி! இது கதையன்று, பெயரும் ஆண்டும் உள்ள வரலாறு. மதமும் அரசும் கைகோத்தால் மனிதன் என்னாவான் என்பதை இதைவிடக் கூறும் சான்று வேண்டுமா?

ஆனால் அந்தக் கல்லறையைக் காண நள்ளிரவில் யார் வருகிறார்? பலகை எழுதிய பொய்யோ, 1667-ல் அந்த வால்ட்கிரேவ் குடும்பத்தான் ஒருவன் மேரி லேர் என்ற கன்னியைக் கொன்றான் என்று புதுக்கதையும் கட்டிற்று! உண்மையான துன்பம் கல்லாகக் கிடக்கிறது. இல்லாத கன்னிக்காகக் கண்ணீர் வடிகிறது. பேய்க்கதை செய்யும் பெருந்தீங்கு இதுதான். அச்சம் மட்டுமன்று, அது வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. செத்தவர் எப்படிச் செத்தார், யார் கொன்றார், எந்தச் சட்டம் கொன்றது என்ற கேள்விகளை எழவிடாமல், "அதோ வெள்ளை உருவம்!" என்று விரல் நீட்டி நம் கண்ணைத் திருப்பிவிடுகிறது.

ஆகவே, தோழர்களே, பேய்க்குத் தகப்பன் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒருவரல்லர், பலர். கதைப்புத்தகம் பெற்றது, குடும்பம் தாலாட்டிற்று, பாதிரியாரின் சடங்கு பெயர் சூட்டிற்று, பத்திரிகை ஊர்வலம் விட்டது, அறிவியல் வேடமிட்ட வித்தைக்காரர் பட்டம் வாங்கித் தந்தார். இவர்களில் எவரும் எழுதப் படிக்கத் தெரியாதவர் அல்லர்! படிப்பு மட்டும் பேயை விரட்டாது, 'எப்படித் தெரியும்? யார் கண்டார்? வேறு காரணம் இருக்க முடியாதா?' என்று கேட்கும் துணிவே விரட்டும். அந்தக் கேள்விகளை ஊராரிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்போம். நமக்கு இனிக்கும் கதைகளிடம் இன்னும் உரக்கக் கேட்போம். கேட்கும் இடத்தில் பேய் நிற்பதில்லை.